கண்டக்டரம்மா கொடுத்த ரைட்

காருக்குப் பின்னால் ஒரு வீட்டை மாட்டிக்கொண்டு ஒரு வருஷம் ஊர் சுற்றப் போகிறோம் என்று கண்டக்டரம்மா போனில் சொன்னபோது, மகள் முதலில் சிரித்தாள். விஷயம் நிஜம் என்று தெரிந்ததும் அழுதாள். அதற்கும் அம்மா மசியவில்லை என்றதும் போனை மாப்பிள்ளையிடம் கொடுத்துவிட்டாள். மாப்பிள்ளை பாவம், பெரியவர்களை மறுத்துப் பேசி அறியாதவர். "நல்ல யோசனைதான் அத்தை" என்று சொல்லிவைத்து, அதற்காக வீட்டில் ஒரு வாரம் வாங்கிக் கட்டிக்கொண்டார்.

கண்டக்டரம்மா என்பது வேலையில் ஒட்டிக்கொண்ட பெயர். ஓய்வு பெற்று இரண்டு வருஷம் ஆகியும் அது அவளை விடவில்லை. இருபத்தாறு வருஷம் பஸ்ஸில் கண்டக்டர். அவள் கணவர் முப்பத்தோரு வருஷம் டிரைவர். அதில் பத்தொன்பது வருஷம் இரண்டு பேருக்கும் ஒரே வண்டி. அவர் கையில் இருந்த வண்டி எதிலும் ஒரு கீறல்கூட விழுந்தது கிடையாது. இதை அவர் வாய் திறந்து சொல்ல மாட்டார். சொல்வதற்குத்தான் அவள் இருக்கிறாளே. விசேஷ வீடோ துக்க வீடோ, பேச்சு எங்கே ஆரம்பித்தாலும் மூன்றாவது நிமிஷத்தில் அதைத் தள்ளிக்கொண்டுவந்து டிப்போ வாசலில் நிறுத்திவிடுவாள்.

இந்தக் கேரவன் ஆசைகூட அவளுடையதுதான். சர்வீஸ் முழுக்க அவள் ரோட்டைப் பார்த்ததே இல்லை. பார்த்ததெல்லாம் பயணிகளின் முதுகும், சில்லறைக்கு நீட்டிய கைகளும், படிக்கட்டில் தொங்கியவர்களின் செருப்புகளும்தான். ஒரு தடவையாவது முன் சீட்டில் சாய்ந்து உட்கார்ந்து, எதிரே வருகிற ஊரையெல்லாம் அது வருகிறபடியே பார்த்துவிட வேண்டும் என்று இருந்தாள். அவர் ஓட்ட வேண்டும், அவள் சும்மா உட்கார்ந்து வர வேண்டும். ஓட்டத் தெரியாததில் அவளுக்கு ஒரு குறையும் இல்லை.

கேரவன் சின்னதுதான். இரண்டு பர்னர் அடுப்பு, பகலில் பெஞ்சாகவும் இரவில் கட்டிலாகவும் இருக்கிற ஒரு பலகை, வளைவு வந்தால் தானாகத் திறந்துகொள்கிற அலமாரி. அலமாரிக்கு அவர் ஒரு கொக்கி போட்டார். அவள் சன்னலுக்குத் திரை தைத்தாள். ரிவர்ஸ் எடுப்பதுதான் கொஞ்சம் குழப்படி. கார் ஸ்டியரிங்கை ஒரு பக்கம் திருப்பினால் கேரவனின் பின்பக்கம் அதற்கு நேர் எதிராக ஓடும். அந்தக் கணக்கை டிரைவர் தன் மண்டைக்குள் போட்டுக்கொள்வது, கேரவன் எந்தப் பக்கம் போக வேண்டும் என்பதை மட்டும் அவள் பின்னால் நின்று சொல்வது என்று ஏற்பாடு. காலி மைதானம் ஒன்றில் மூன்று நாள் பழகினார்கள். மூன்றாம் நாள், கேரவனை விற்ற ஆளே கை தட்டிவிட்டுப் போனான்.

முதல் நிறுத்தம் ஒரு கடலோர ஊர். ஊர் என்று சொல்வதே கொஞ்சம் தாராளம். ஒரே தெரு, மத்தியானம் மூடிவிடுகிற நாலு கடை, கடலைப் பார்த்துப் போட்ட பெஞ்சுகள், பெஞ்சுகளில் ஓய்வு பெற்றவர்கள். தெருக்கோடியில் கேரவன்களுக்கான மைதானம். ஒவ்வோர் இடத்துக்கும் நம்பர் எழுதிய ஒரு கட்டை, இரண்டு இடங்களுக்கு நடுவே தண்ணீர்க் குழாய் பொருத்திய ஒரு தூண். இவர்களுக்குப் பதினாலாம் நம்பர்.

புது வண்டி வந்தால் மைதானத்துக்கே அது ஒரு வேடிக்கை. மடக்கு நாற்காலிகள் எல்லாம் மெல்ல இந்தப் பக்கம் திரும்பின. பதினைந்தாம் நம்பர்க்காரர் கையைக் கட்டிக்கொண்டு எழுந்தே வந்துவிட்டார். நிலம் அளக்கிற வேலையில் இருந்து ஓய்வு பெற்ற சர்வேயர். "எடம் கொஞ்சம் நெருக்கடி. பாத்துப் பண்ணுங்க" என்று கேட்காமலே ஆலோசனை சொன்னார்.

கண்டக்டரம்மாவுக்குச் சுருக்கென்றது. யாரைப் பார்த்து யார் சொல்வது? நாங்கள் நேற்று ஸ்டியரிங் பிடித்தவர்கள் இல்லை என்று காட்டிவிட வேண்டும் என்று நிமிர்ந்து நின்றாள். வளவளவென்று இல்லாமல் வெட்டு ஒன்று துண்டு இரண்டாக சிக்னல் கொடுத்தாள். கேரவன் பின்னால் வந்தது, வந்தது. தூண் ஒரு கை தூரத்துக்கு நெருங்கியதும் "ஹோல்டான்" என்றாள். வண்டி அப்படியே நின்றது. இனி அது வலது பக்கம் ஒதுங்க வேண்டும். அதையும் சொன்னாள்.

வண்டி ஒதுங்கவில்லை. நேராகப் பின்னால் வந்தது. தூண் முறிந்து, தண்ணீர் பனைமர உயரத்துக்குப் பீய்ச்சி அடித்தது. சர்வேயர் தலை முதல் கால் வரை நனைந்தார். பொதுக் குளியலறைக்குள்ளிருந்து, தலை நிறைய சோப்பு நுரையோடு இரண்டு பேர் ஓடிவந்து யார் அந்தப் புண்ணியவான் என்று விசாரித்தார்கள். அன்றைக்கு மைதானத்தில் மூன்று மணி நேரம் யாருக்கும் தண்ணீர் இல்லை.

மைதானத்துப் பொறுப்பாளர் நாற்பது வயதுப் பெண்மணி. எல்லாவற்றுக்கும் ஒரு ஃபாரம் வைத்திருந்தார். விபத்துக்கும் வைத்திருந்தார். கோபப்படாமல், ஒவ்வொரு கேள்வியாகக் கேட்டு எழுதினார்.

"எத்தன வருஷமா வண்டி ஓட்டுறீங்க சார்?"

"முப்பத்தோரு வருஷம் பஸ்ஸு. அதுக்கு முன்னாடி லாரி கொஞ்சம்."

பொறுப்பாளர் பேனாவை நிறுத்தி நிமிர்ந்து பார்த்தார். "தூண் சைடு கண்ணாடியில தெரியலையா?"

டிரைவர் மேஜையைப் பார்த்தபடி, "கவனிக்கல" என்றார்.

காரணம் என்ற இடத்தில் அதையே எழுதி, அவரிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டார் பொறுப்பாளர். பிறகு கார் சாவியை வாங்கி, தனக்குப் பின்னால் இருந்த பலகையின் கொக்கியில் மாட்டினார். "மன்னிச்சுக்குங்க சார். கொழந்தைங்க ஓடி வெளையாடுற எடம். கண்ணு சரியா இருக்குன்னு டாக்டர்கிட்ட எழுதி வாங்கிட்டு வாங்க. இல்லன்னா சனிக்கிழமை காலி பண்றப்ப வேற யாராவது வந்து வண்டிய எடுக்கட்டும்."

பலகையில் தொங்குகிற சாவியைக் கண்டக்டரம்மா பார்த்தாள். கீறல் விழாத முப்பத்தோரு வருஷம் அங்கே கொக்கியில் தொங்குகிற மாதிரி இருந்தது. அவருக்காகப் பரிந்து பேசத்தான் வாயைத் திறந்தாள். பேச என்ன இருந்தது? தூண் நட்ட நடுவில் முறிந்து கிடந்ததே.

சாயங்காலமே மகளுக்கு விஷயம் போய்விட்டது. சொன்னவரே டிரைவர்தான். மகள் இந்தத் தடவை அழவில்லை, அதிகாரமாகவே பேசினாள். "அப்பாவுக்கு வயசாயிடுச்சும்மா. இன்னிக்குத் தூணு, நாளைக்கு ஒரு ஆளுன்னா என்ன பண்ணுவீங்க? சனிக்கிழமை நானும் அவரும் வர்றோம். காரை அவர் எடுத்துட்டு வந்துடுவாரு. அந்த டப்பாவ அங்கயே யாருக்காவது வித்துடலாம்."

"அவ சொல்றதும் சரிதான். ஓட்டுனது போதும்மா" என்றார் டிரைவர்.

அது திங்கட்கிழமை. அவர் 'போதும்' என்று சொல்லி அவள் கேட்டதே கிடையாது. ஓய்வு பெற்ற அன்றுகூட, மாலையைக் கழற்றி வைத்துவிட்டு, மறுநாள் ஓட்டப்போகிறவனுக்கு அந்த வண்டியின் கிளட்ச் எப்படி என்று அரை மணி நேரம் பாடம் எடுத்த மனிதர். அப்படிப்பட்டவர் செவ்வாய்க்கிழமை முழுக்க காரின் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தார். சாவி இல்லாத காருக்குத் துடைப்பதைத் தவிர வேறென்ன செய்ய முடியும்? பக்கத்து ஊரில் கண் டாக்டர் இருக்கிறாராம், பஸ்ஸில் போய்வரலாம் என்றாள். "எதுக்கு? கவனிக்கலன்னு எழுதிக் குடுத்தாச்சு. விடு" என்று துணியைப் பிழிந்தார்.

பாத்திரம் கழுவுகிற இடத்தில் ஒரு பெண்மணி இன்னொருத்தியிடம் சொன்னது புதன்கிழமை காதில் விழுந்தது. "முப்பது வருஷம் பஸ் ஓட்டினாராம். அந்த பஸ்ல போனவங்க எல்லாம் உசுரோட இருக்காங்களோ என்னவோ." கண்டக்டரம்மா கையில் இருந்த பாத்திரத்தைத் தேய்த்த தேய்ப்பில் அதன் அடிக்கரி இரண்டு வருஷத்துக்குப் பிறகு போயே போய்விட்டது. திரும்பி நாலு வார்த்தை கேட்டிருப்பாள். ஆனால் அவளுக்கே உள்ளுக்குள் பயம் பிடித்திருந்தது. ஒருவேளை நிஜமாகவே கண் மங்கிவிட்டதோ? தன்னிடம்கூடச் சொல்லாமல் மறைக்கிறாரோ?

அதைக் கண்டுபிடித்துவிடுவது என்று அன்று சாயங்காலம் அவரைக் கடற்கரைக்கு இழுத்துக்கொண்டு போனாள். மீன்பிடிப் படகுகள் திரும்பிவருகிற நேரம். சும்மா பேச்சுவாக்கில் கேட்பதுபோல், "அந்தக் கடைசிப் படகு என்ன கலருங்க?" என்றாள்.

"பச்சை. அடியில செவப்புக் கோடு."

"நம்பர் ஏதோ எழுதியிருக்குபோல. எனக்குத் தெரியல."

அவர் நம்பரைப் படித்தார். ஆறு இலக்கமும் படித்தார். கேட்காமலே, "எடது பக்க வெளக்கு ஒடஞ்சிருக்கு பாரு. இருட்டுனா எப்படித்தான் ஓட்டுவானோ" என்றும் சேர்த்துக்கொண்டார். படகு கரைக்கு வந்து சேரக் கால் மணி நேரம் ஆனது. அவள் கிட்டே போய்ப் பார்த்தாள். நம்பர் அதே நம்பர். விளக்கும் உடைந்துதான் இருந்தது.

பயம் போய்விட்டது, அந்த இடத்தில் கோபம் வந்து உட்கார்ந்துகொண்டது. கோபம் வந்தால் அவள் கணவரை வேலைப்பெயரில்தான் கூப்பிடுவாள்.

"டிரைவர் சார். ஒரு மைல்ல வர்ற படகுல வெளக்கு ஒடஞ்சது தெரியுது. ஒரு கை தூரத்துல நின்ன தூண் தெரியலையா?"

"அலை வருது. செருப்ப எடு" என்றார் அவர்.

அழுத்தக்காரர். பத்தொன்பது வருஷம் ஒரே வண்டியில் ஓடியவளுக்கு அவருடைய அழுத்தம் தெரியும். இவர் எதையோ விழுங்கிக்கொண்டிருக்கிறார் என்பது மட்டும் புரிந்தது, எதை என்றுதான் புரியவில்லை.

அதைச் சொன்னது, யாரும் எதிர்பார்க்காதபடி, சர்வேயர். வெள்ளிக்கிழமை காலையில் அவர் டேப்பும் கையுமாகப் புதுத் தூண் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். அளக்காமல் அவரால் இருக்க முடியாது போலிருக்கிறது.

"நீங்க நிறுத்துன எடத்துல இருந்து தூணுக்கு இருபத்திரெண்டு அங்குலம்மா. தாராளமாத் திருப்பியிருக்கலாம். உங்க மேல ஒரு தப்பும் இல்ல. நான் இங்கயேதான நின்னேன்? நீங்க கரெக்டா சொன்னீங்க. 'ஹோல்டான்'னீங்க, நின்னாரு. அப்புறம் 'ரைட், ரைட்'னு ரெண்டு தடவ சத்தமா சொன்னீங்க. வலதுன்னா வலது பக்கம் திரும்பணும்ல? மனுஷன் நேரா வந்து மோதுறாரு. வயசானா அப்படித்தான்மா, காதுல விழுறது மூளைக்குப் போய்ச்சேர நேரமாகும்."

கண்டக்டரம்மா கையில் இருந்த வாளியைக் கீழே வைத்தாள்.

"ரைட், ரைட்னா சொன்னேன்? 'ரைட்ல ஒடிங்க'ன்னு சொல்லல?"

"ஒடிங்கவும் இல்ல, முறிங்கவும் இல்ல. வெறும் ரைட்டுதான்."

பஸ்ஸில் ஏறி இறங்கிய எல்லோருக்கும் தெரியும், கண்டக்டர் 'ரைட்' என்றால் 'போ' என்று அர்த்தம். ரிவர்ஸில் என்றால் 'அப்படியே நேராக வா'. இரண்டு தடவை 'ரைட்' என்றால் தயங்காமல் போ, பின்னால் நான் பார்த்துக்கொள்கிறேன் என்று அர்த்தம். பக்கம் காட்ட வேண்டுமென்றால் 'ரைட்ல ஒடிங்க', 'லெஃப்ட்ல ஒடிங்க' என்று முழுசாகச் சொல்ல வேண்டும். அந்த 'ஒடிங்க' இல்லாமல் டிரைவர் ஸ்டியரிங்கைத் திருப்ப மாட்டார். இதில் ஒருத்தருக்கு ஒரு சந்தேகம் வந்தால் வண்டிக்கு அடியில் ஓர் ஆள் போய்விடும். வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் சொல்லிக்கொடுத்தது அது. இந்தச் சர்வேயர் கையைக் கட்டிக்கொண்டு நின்ற நிற்பில், சுருக்கமாகப் பேசி அசத்திவிட நினைத்து, அவள் அந்த ஒரு சொல்லை விழுங்கியிருந்தாள்.

இருபத்தாறு வருஷத்தில் அவள் கொடுத்த முதல் தப்பான ரைட்.

அது சின்ன விஷயம் இல்லை. அவள் சேர்ந்தபோது அந்த டிப்போவில் வேறு பெண் கண்டக்டரே கிடையாது. பொம்பளை கொடுக்கிற ரைட்டை நம்பி எப்படி வண்டியை எடுப்பது என்று டிரைவர்கள் முகத்துக்கு நேராகவே கேட்டார்கள். அவள் ரைட் கொடுத்த பிறகும் தலையை வெளியே நீட்டி எட்டிப் பார்த்துவிட்டுத்தான் கியர் போடுவார்கள். அவள் ஒரே ஒரு தப்பு செய்யட்டும் என்று ஒரு டிப்போவே காத்திருந்தது. அவள் கடைசிவரை செய்யவில்லை. ஓய்வு பெற்ற அன்று ஆண்களே எழுந்து நின்று அதைச் சொன்னார்கள், முன் வரிசையில் உட்கார்ந்து கணவர் கேட்டுக்கொண்டிருந்தார்.

அந்தப் பெயரைத்தான் இப்போது தன் பெயரைக் கொடுத்துக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறார். 'கவனிக்கல' என்று கையெழுத்துப் போட்டு, சாவியைக் கொடுத்து, மகளிடம் பேச்சு வாங்கி, பாத்திரம் கழுவுகிற இடத்தில் நாலு பேர் சிரிப்பாய்ச் சிரித்தாலும் பரவாயில்லை என்று உட்கார்ந்து கண்ணாடி துடைக்கிறார். அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. துடைத்துக்கொண்டு, விடுவிடுவென்று பதினாலாம் நம்பருக்கு நடந்தாள்.

"டிரைவர் சார். துணியப் போட்டுட்டு ஆபீசுக்கு வாங்க."

"எதுக்கு?"

"வாங்கன்னா வாங்க."

வந்தார். அளவு ஏதாவது தேவைப்படலாம் என்று சர்வேயரும் டேப்போடு பின்னாலேயே வந்தார்.

"மேடம், அந்த ஃபாரத்த எடுங்க. அதுல தப்பா எழுதியிருக்கு" என்று ஆரம்பித்து, கண்டக்டரம்மா ஹோல்டானிலிருந்து ஒடிங்க வரை ஒன்று விடாமல் சொல்லி முடித்தாள். "தப்பு சிக்னல் குடுத்தது நான். இவர் சிக்னல் பிரகாரம் வந்தாரு. இது என்னோட தப்பு."

டிரைவர் குறுக்கே பேசப் பார்த்தார். அவள் கையைக் காட்டினாள், நின்றுவிட்டார்.

பொறுப்பாளர் ஃபாரத்தையும் அவர்களையும் மாறி மாறிப் பார்த்தார். "சரிம்மா, நீங்க சொல்றது புரியுது. ஆனா எனக்குக் கண்ணுதான் கேள்வி. அவர் கண்ணாடியப் பாத்திருந்தா தூண் தெரிஞ்சிருக்கும், நின்னுருப்பாரு. சார், ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. தூண் தெரிஞ்சுதா, இல்லையா?"

அவர் கண்டக்டரம்மாவைப் பார்த்தார்.

"சொல்லுங்க. இல்லன்னா நாளைக்கு மாப்பிள்ளை வந்து அந்தச் சாவிய எடுத்துப்பாரு" என்றாள் கண்டக்டரம்மா.

"தெரிஞ்சுது" என்றார் டிரைவர்.

"தெரிஞ்சுதா?" என்றார் சர்வேயர். "தெரிஞ்சும் ஏன் சார் வந்தீங்க?"

"அவ ரைட் குடுத்துட்டாளே."

"கண்ணாடியில தூண் நிக்குதே சார்."

"நின்னுச்சு." அவர் சங்கடத்தோடு காதைச் சொறிந்தார். இவ்வளவு பேசிப் பழக்கமில்லாதவர். "எனக்குத்தான் ஏதோ தப்பாத் தெரியுதுன்னு நெனச்சேன். கண்ணாடி என்ன ரெண்டு மூணு தடவ ஏமாத்தியிருக்கு சார். இவ குடுத்த ரைட் பத்தொம்பது வருஷத்துல ஒரு தடவகூட ஏமாத்துனதில்ல. ரெண்டும் வேற வேற சொன்னா நான் எத நம்புறது?"

சர்வேயர் டேப்பைச் சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டார். கணவரின் பெருமையை ஊர் ஊராகச் சொல்லித் திரிந்த கண்டக்டரம்மாவுக்கு, அன்றைக்கு வார்த்தை ஒன்றும் வரவில்லை. நெஞ்சு மட்டும் விம்மி விம்மி நிமிர்ந்தது. எத்தனை மாலை, எத்தனை கைதட்டல் வந்தாலும் இது ஆகுமா என்று இருந்தது.

பொறுப்பாளர் எழுந்து கொக்கியிலிருந்து சாவியை எடுத்து டிரைவர் முன்னால் வைத்தார். "இனிமே எதுவா இருந்தாலும் ரெண்டு பேரும் முழுசாச் சொல்லுங்க" என்றார். பிறகு ஃபாரத்தை கண்டக்டரம்மா பக்கம் நகர்த்தினார். "இதுல ஓட்டுனவர் பேருக்கு மட்டும்தான் எடம் இருக்கும்மா."

"ஓரத்துல எடம் இருக்கில்ல. அது போதும்."

'கவனிக்கல' என்ற சொல்லை அவள் ஒரு கோட்டால் அடித்தாள். பக்கத்தில், தவறான சிக்னல் கொடுக்கப்பட்டது, டிரைவர் மீது குற்றம் இல்லை என்று குண்டு குண்டாக எழுதினாள். இருபத்தாறு வருஷம் வாங்காத கரும்புள்ளியைத் தன் கையாலேயே வைத்துக் கையெழுத்தும் போட்டாள். கையெழுத்துக்குக் கீழே பதவி என்று போட வேண்டும் என்றார் பொறுப்பாளர். ஓய்வு என்று எழுத அவளுக்கு மனம் வரவில்லை. கொஞ்சம் யோசித்துவிட்டு எழுதினாள்: 'கண்டக்டர், இவர் வண்டி.'